புத்தகத்துக்கு வரைந்த கதையைப் போனுக்குத் திரும்ப வரைவது எப்படி

என்னுடைய 24 பக்கச் சித்திரக்கதைப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணி, பக்கம் பக்கமாகப் பேஸ்புக்கில் போட்ட அன்று பின்னேரம், தங்கச்சியின் மகளிடம் போனைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். 12 வயது. கொமிக்ஸ் என்றால் உயிரை விடுகிற பிள்ளை. இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தாள், அந்தப் பக்கம் இழுத்தாள், இந்தப் பக்கம் இழுத்தாள், திரும்பச் சிறுப்பித்தாள். மூன்றாம் பக்கத்தோடு போனை என் மடியில் வைத்துவிட்டாள்.

"பெரியம்மா, புத்தகம் இருந்தாத் தாங்கோ. இதில எங்க தொடங்கி எங்க முடிக்கிறதெண்டே விளங்குதில்ல."

அவள் சொன்னது சரி. புத்தகத்துக்கென்று வரைந்ததை அப்படியே போனுக்குள் திணித்திருந்தேன். பிறகு அதே கதையை முதல் கட்டத்திலிருந்து போனுக்காகத் திரும்ப வரைந்தேன். பள்ளிக்கூட வேலையும் பார்த்துக்கொண்டு வரைந்ததால் எட்டு மாதம் எடுத்தது. என்னிடம் சித்திரம் படிக்கிற பிள்ளைகள் பலர் இப்போது கொமிக்ஸ் வரையக் கேட்கிறார்கள். அவர்களுக்கும், கையில் ஒரு கதையை வைத்துக்கொண்டு எப்படித் தொடங்குவது என்று யோசிக்கிற மற்றவர்களுக்கும் நான் செய்த முறையை எழுதுகிறேன்.

கதை சின்னது. ஆலங்கேணியிலிருந்து அப்பப்பாவும் பேத்தியும் விடியக்காலையில் பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டி, திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு வருகிறார்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்களைப் பார்க்கிறார்கள். கும்பிட்டு முடித்து, இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் ஓரத்தில் நின்று கடலை எட்டிப் பார்க்கும்போது, காற்று அப்பப்பாவின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போகிறது. அது செத்துப்போன அப்பம்மா வாங்கிக் கொடுத்த தொப்பி. அவ்வளவுதான் கதை.

தாளும் பெருவிரலும்

அப்பாவின் றங்குப் பெட்டியில் பழைய முத்து கொமிக்ஸ் சில கிடந்தன. 1972 இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியில் தொடங்கிய புத்தகங்கள். தாளைத் திருப்புகிற அவசரம் என்றால் என்னவென்று அவற்றில்தான் முதலில் அறிந்தேன். அச்சுக் கொமிக்ஸ் வரைகிறவரின் பெரிய ஆயுதம் அந்தத் தாள்தான். புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் கண்ணில் படும். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வியை வைத்துவிட்டு, பதிலைத் தாளுக்குப் பின்னால், அடுத்த இடப்பக்கத்தின் தலையில் ஒளித்து வைக்கலாம். இடப்பக்க எண்கள் இரட்டைப்படை என்பதால், அதிர்ச்சி தரும் படம் 6, 8, 10 என்று இரட்டைப்படைப் பக்கத்தில்தான் திறக்க வேண்டும். என் புத்தகத்தில் 17 ஆம் பக்கத்தின் கடைசியில் காற்று வீசியது. 18 இல் தொப்பி பறந்தது.

போனில் திருப்புவதற்குத் தாளே இல்லை. வாசிப்பவரின் பெருவிரல்தான் இருக்கிறது. அது நிற்காமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். திரையின் கீழ் விளிம்புக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் தெரியாது. ஆகவே ஒளித்து வைக்கிற இடம் எல்லா இடத்திலும் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கொமிக்ஸ் கலைஞர் ஸ்கொட் மெக்ளவுட், கணினித் திரையைப் பக்கமாக நினைக்காமல் ஜன்னலாக நினைக்கச் சொன்னார். ஜன்னலுக்குப் பின்னால் எல்லையில்லாத கென்வஸ் விரிந்து கிடக்கிறது என்பது அவருடைய எண்ணம். அதை அன்றாடப் பழக்கமாக்கியவர்கள் கொரியர்கள். அங்கே டாவும் நிறுவனம் 2003 இலும் நேவர் 2004 இலும் தங்கள் இணையக் கொமிக்ஸ் சேவைகளைத் தொடங்கின. மேலிருந்து கீழே ஒரே நீளமாக ஓடும் வெப்டூன் வடிவம் அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது.

சரி, உங்கள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கங்களை மறந்துவிட்டு, கட்டங்களை ஒன்றுக்குக் கீழே ஒன்றாகக் கொப்பியில் எழுதுங்கள். வரைய வேண்டாம், எழுதினால் போதும். "பஸ் வருகிறது." "பேத்தி ஜன்னல் பக்கம் இருக்கிறாள்." இப்படி. எழுதி முடித்ததும் ஒவ்வொரு இரண்டு கட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். ஒரு நொடியா, ஒரு மணித்தியாலமா, ஒரு மூச்சு விடுகிற நேரமா? இதை விட்டுவிட்டு வரையத் தொடங்கினால் பாதியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஏனென்றால் போன் கொமிக்ஸில் இடைவெளிதான் நேரம். அச்சில் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் சில மில்லிமீற்றர் வெள்ளைக் கோடு விடுவோம். கடதாசிக்கு விலை இருக்கிறது, அதற்குமேல் விட மனம் வராது. திரையில் வெறும் இடத்துக்கு விலை இல்லை. 800 பிக்சல் அகலத்தில் போட்டால், இப்போதைய நீளமான போன்களில் ஒரே பார்வைக்கு ஏறக்குறைய 1700 பிக்சல் உயரம் தெரியும். அதைக் கணக்கில் வைத்து, இரண்டு பேர் மாறி மாறிக் கதைக்கிற இடத்தில் 100 முதல் 200 பிக்சல்வரை இடைவெளி விடுகிறேன். இடம் மாறினால் 800, 1000. ஒருவர் சொன்ன சொல் மனதில் இறங்க வேண்டுமென்றால் ஒரு திரை முழுக்கவே வெறுமையாக விடுவேன். முதலில் பயமாகத்தான் இருக்கும், ஏதோ படம் ஏறவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று. அதற்கு ஒரு வழி இருக்கிறது: இடைவெளிக்கும் நிறம் கொடுங்கள். என் கதையின் தொடக்கத்தில் கட்டங்களுக்கு நடுவே உள்ள இடம் கருநீலத்தில் தொடங்கி, கீழே போகப் போகச் சாம்பலாகி, பஸ் வரும்போது மஞ்சளாகிறது. விடிந்துவிட்டது என்று எங்கேயும் எழுதவில்லை.

பாலமும் வெட்டும்

இந்த இரண்டு இடங்களில்தான் நான் அதிகம் மினைக்கெட்டேன். அச்சும் போனும் வேறு வேறு என்பது எனக்குத் தெளிவாக விளங்கியதும் இங்கேதான்.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். 2009 இல் அது திறக்கும்வரை அந்த இடத்தைப் பாதையில்தான் கடந்தோம், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதைக்காகக் காத்து நின்றவர்களுக்குத்தான் அந்தப் பாலத்தில் பஸ் ஏறும்போது வருகிற சந்தோசம் தெரியும். புத்தகத்தில் அதை நடுப்பக்க விரிப்பாக வரைந்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே படம், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாலம், நடுவில் தீப்பெட்டி அளவில் பஸ். கொட்டியாரக்குடாவின் தண்ணீர் படம் முழுக்க. புத்தகத்தில் எல்லோருக்கும் பிடித்த படம் அதுதான்.

போனில் அதே படத்தின் பாலம் வெறும் கோடாகச் சுருங்கிவிட்டது. பஸ் கண்ணுக்கே தெரியவில்லை. போனைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி எழுதலாம். ஆனால் அப்படிச் சொன்ன உடனேயே வாசிப்பவர் கதையைவிட்டு வெளியே வந்துவிடுவார். அகலமான படத்தைப் போனுக்காகத் துண்டு துண்டாக வெட்டினாலும் பாலத்தின் நீளம் செத்துவிடும். நாலு தடவை வரைந்து கிழித்த பிறகு, பாலத்தை ஒரு பறவையின் கண்ணால் மேலிருந்து பார்த்தேன். நெடுக்கு வாட்டில், திரையின் நடுவே மேலிருந்து கீழாகப் பாலம். ஒருபக்கம் கொட்டியாரக்குடா, மறுபக்கம் தம்பலகாமக்குடா. மேலே பஸ் ஏறுகிறது; கொஞ்சம் கீழே அதே பஸ், ஜன்னலால் ஒரு சின்னக் கை; இன்னும் கீழே அதே பஸ், கை இப்போது காற்றில் விரிந்திருக்கிறது. மொத்தம் 4000 பிக்சல், ஒரு கட்டக் கோடும் இல்லை. வாசிப்பவர் விரலைத் தள்ளத் தள்ள பஸ் ஓடுகிறது. புத்தகத்தில் பாலத்தைப் பார்த்தார்கள், போனில் அதைக் கடக்கிறார்கள்.

இராவணன் வெட்டு இதற்கு நேர்மாறு. அது செங்குத்து. மேலே நின்று எட்டிப் பார்த்தால் பாறையின் பிளவு கீழே கீழே என்று இறங்கி, அடியில் வெள்ளை நுரையில் முடியும். அதைப் புத்தகத்தில் என்னால் வரையவே முடியவில்லை. ஏ5 பக்கத்தின் உயரம் 21 சென்ரிமீற்றர். அதற்குள் பாறையும் வேண்டும், தொப்பியும் வேண்டும், கடலும் வேண்டும் என்றால் பாறை ஒரு திண்ணை உயரத்துக்குத்தான் தெரியும். போனிலோ அது தனக்கென்றே செய்து வைத்த இடத்தில் வந்து இருந்தது போல் இருந்தது. தொப்பி விழுவதற்கு 5000 பிக்சல் எடுத்தேன், மூன்று திரை. முதல் திரையில் பாறையின் விளிம்பும் இரண்டு சோடிக் கால்களும், விளிம்புக்குக் கீழே சுழலும் தொப்பியும். இரண்டாவது திரையில் பாறை மட்டும், வெடிப்பில் முளைத்த ஒரு சின்னச் செடி. தொப்பி இல்லை. மூன்றாவதில் திரும்பவும் தொப்பி, இப்போது சின்னதாக. அதற்குக் கீழே தண்ணீர். அந்த நடுத்திரையில் தொப்பியைக் காட்டாமல் விட்டதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த முடிவு. வாசிப்பவர் அதைத் தேடிக் கீழே போக வேண்டும்.

உங்கள் கதையிலும் இப்படி விழுகிற, இறங்குகிற, ஆழமாகிற ஒன்று இருக்கும். கிணறு, படிக்கட்டு, பனைமரம், மழை. அதைக் கண்டுபிடித்து முதலில் வரையுங்கள். அகலமாகக் கிடக்கிறவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அளவுகள்

வெப்டூன் தளத்தில் யாரும் ஏற்றக்கூடிய கென்வஸ் பகுதிக்கு 800 பிக்சல் அகலம், ஒரு துண்டுக்கு 1280 பிக்சல் உயரம் என்று கணக்கு. நான் எங்கே போட்டாலும் அந்த அளவையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் வரையும்போது 800 இல் வரையாதீர்கள். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 800 பிக்சல் படம் அச்சில் 6.8 சென்ரிமீற்றர்தான் வரும். பெருப்பித்தால் கலங்கும். நாளைக்குப் புத்தகமாகவும் போட ஆசை இருந்தால் 2400 பிக்சல் அகலத்தில் வரைந்து, கடைசியில் சுருக்குங்கள். போனிலோ டப்லட்டிலோ வரைகிறவர்களுக்கு 2400 இல் நினைவகம் திணறும். அப்போது கதையைச் சின்னச் சின்னக் கோப்புகளாகப் பிரித்து வரையலாம். நான் கடதாசியில் பென்சிலும் மையும் போட்டு, ஸ்கேன் எடுத்து, கிரிட்டாவில் நிறம் பூசுகிறேன். கிரிட்டா கணினியில் வரைகிற இலவசச் செயலி. போனில் மட்டும் வரைகிற என் மாணவிகள் ஐபிஸ் பெயின்ட் பாவிக்கிறார்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று. என் புத்தகத்தின் அட்டையில் நிலாவெளிக் கடலின் நீலத்தைப் பூசியிருந்தேன், பச்சை கலந்து மினுங்குகிற நீலம். அச்சகத்திலிருந்து பிரதிகள் வந்தபோது அந்த நீலம் துவைத்த சீலை மாதிரி மங்கிப் போயிருந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது; திரையில் வருகிற பிரகாசமான நீலங்களும் பச்சைகளும் நாலு மைகளின் கலவைக்குள் வராது. கோப்பை அச்சு நிறத்துக்கு மாற்றிப் பார்க்காமல் கொடுத்ததும், ஒரு பிரதி அடித்துப் பார்க்கக் கேட்காததும் பிழை. போனுக்கு வரைகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நினைத்த நீலத்தைத் துணிந்து பூசலாம், வர்ணப் பக்கத்துக்குக் கூடுதல் காசும் இல்லை.

பக்கக் கணக்கும் அப்படித்தான். நடுவில் கம்பி அடிக்கிற புத்தகம் நாலின் மடங்கில்தான் வரும். என் கதை 22 பக்கத்தில் முடிந்திருந்தது. 24 ஆக்குவதற்காக மான்களோடு இரண்டு பக்கம் கூட்டினேன். மான்கள் வடிவாகத்தான் இருந்தன, ஆனால் கதை அங்கே நின்றுவிட்டது. போன் பதிப்பில் அவை ஒரே ஒரு கட்டம்.

தமிழ் எழுத்தைப் படத்துக்குள் வைப்பது

ஆங்கிலக் கொமிக்ஸைப் பார்த்துப் பழகியவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. ஆங்கிலத்தில் பேச்சுக் குமிழிக்குள் எல்லாம் பெரிய எழுத்தாக எழுதுவார்கள். மேலேயும் கீழேயும் ஒரே மட்டம், வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் கி, கீ மேலே வளைகிறது. கு, மூ, ழு கீழே இறங்குகிறது. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் வளைவும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவின் ஒன்றரை மடங்கு வரியிடைவெளி வையுங்கள். 800 பிக்சல் அகலத்துக்கு எழுத்தை 44 பிக்சலுக்குக் கீழே இறக்க வேண்டாம்; கையில் பிடிக்கும்போது அது நாலு மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் குறைவுதான். ஞ, ணை, ஷ போன்றவை அதற்கும் கீழே போனால் அடைபட்டுவிடும். அப்பப்பா வயதுக்காரரும் வாசிக்க வேண்டும் அல்லவா.

அடுத்தது சொல்லின் நீளம். "போய்க்கொண்டிருக்கிறாள்" என்று ஒரே சொல் போனின் அகலத்தில் பாதியைத் தின்றுவிடும். எழுத்தைச் சிறிதாக்குவதைவிட, கதைமாந்தரை எங்கள் ஊர்ப் பேச்சில் கதைக்க விடுங்கள். "போறாள்" என்றால் மூன்று எழுத்து, உயிரும் வந்துவிடும். வரியை உடைக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, மூச்சு எடுக்கிற இடத்தில் உடையுங்கள். "அப்பம்மா வாங்கித் / தந்த தொப்பி" என்று உடைத்திருந்தேன். "அப்பம்மா / வாங்கித் தந்த / தொப்பி" என்று மாற்றினேன். தொப்பி தனியே ஒரு வரியில் நின்ற பிறகுதான் அப்பப்பாவின் குரல் எனக்குக் கேட்டது.

எழுத்துருவுக்கு, இலங்கையைச் சேர்ந்த வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்த கவிவனார், பவனம் இரண்டையும் கூகுள் பொன்ட்ஸில் இலவசமாக எடுக்கலாம். கவிவனார் கையால் எழுதியது போல் சற்றுச் சாய்ந்திருக்கும், பேச்சுக்கு நன்றாகப் பொருந்தும். வரைகிற செயலிகள் சில தமிழை உடைக்கும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தொடங்குமுன் "கோணேசர் கோயில் கொடி" என்று தட்டிப் பாருங்கள், ஒரு நொடியில் தெரிந்துவிடும். உடைந்தால் எழுத்தை மட்டும் இன்க்ஸ்கேப் என்ற செயலியில் வைத்துப் படமாக எடுத்துக்கொண்டு வாருங்கள், அதில் தமிழ் சரியாக வரும். அச்சுக்குக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாமினி என்ற பழைய முறை எழுத்துருவில் வேலை செய்கிற அச்சகத்தில் யுனிகோட் எழுத்தைக் கொடுத்தால் குழம்பிப் போகும். எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎவ் கோப்பாகக் கொடுங்கள்.

ஓசைகளுக்குத் தமிழைப் போல் வசதியான மொழி எனக்குத் தெரியாது. சடசட, தடதட, மளமள, சலசல என்று இரட்டைக்கிளவியே நூற்றுக்கணக்கில் இருக்கிறது. பஸ் பாலத்தில் ஏறும்போது "தடதட"வைச் சில்லுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி எழுதினேன், ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் விலகி, கொஞ்சம் ஆடி. ஓசையை எழுத்துருவில் தட்டாதீர்கள், கையால் வரையுங்கள். தொப்பி விழுகிற இடத்தில் ஓர் ஓசையும் வைக்கவில்லை.

போடுவது

பேஸ்புக்கில் பல படங்களை ஒன்றாகப் போட்டால் அவற்றைச் சதுரம் சதுரமாக அடுக்கிவிடும், நீளம் உடைந்துபோகும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கி அனுப்பும், எழுத்து கலங்கும், ஆவணமாக அனுப்புங்கள். நான் புளொக்கர் என்ற வலைப்பதிவுத் தளத்தில் துண்டுகளை ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வைக்கிறேன். சில வார்ப்புருக்களில் துண்டுகளுக்கு நடுவே மெல்லிய கோடு விழும். ஆகவே முகத்துக்கோ குமிழிக்கோ குறுக்கே வெட்டாமல், 1280 ஐத் தாண்டாமல், இடைவெளியில் வெட்டுங்கள். பாலம் மாதிரி நீளமான படத்தில் இடைவெளி கிடையாது. அங்கே தண்ணீரும் ரோட்டும் மட்டும் இருக்கிற இடத்தைத் தேடுங்கள். என் முதல் அத்தியாயம் ஏறக்குறைய 30,000 பிக்சல், 25 துண்டுகள். துண்டு ஒன்று 250 கிலோபைட்டுக்குள் வரும்படி சுருக்கினேன். டேட்டா காட் போட்டு வாசிக்கிறவர்களுக்கு ஓர் அத்தியாயம் ஆறேழு எம்பியைத் தாண்டினால் மனம் நோகும். வாராவாரம் போடுவதாக இருந்தால் நாலைந்து அத்தியாயம் முடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதலாவதைப் போடுங்கள்.

ஆனால் போடுமுன் ஒருவரிடம் போனைக் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் இருங்கள். கதை எப்படி என்று கேட்க வேண்டாம். பெருவிரலை மட்டும் பாருங்கள். அது எங்கே வேகமாகப் போகிறது, எங்கே நிற்கிறது, எங்கே திரும்பி மேலே வருகிறது என்று கொப்பியில் குறியுங்கள்.

தங்கச்சியின் மகளுக்கு மூன்று தடவை கொடுத்தேன். முதல் தடவை பாலத்தில் விரல் மெதுவாகியது, தொப்பி விழும்போது இன்னும் மெதுவாகியது. ஆனால் அதற்குப் பிறகு வருகிற அப்பப்பாவின் முகத்தை ஒரே தள்ளலில் தாண்டிவிட்டாள். தண்ணீருக்கும் முகத்துக்கும் நடுவில் 300 பிக்சல்தான் விட்டிருந்தேன். 900 ஆக்கினேன், அப்போதும் தாண்டினாள். பிறகு அந்த இடைவெளியில் கடல் நிறத்தைப் பூசி, அது மெல்ல வெளிறி அப்பப்பாவின் சேட்டின் வெள்ளையாக மாறும்படி 1600 பிக்சல் விட்டேன். மூன்றாவது தடவை விரல் அவருடைய முகத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, திரும்ப மேலே போய், செடி முளைத்த பாறையில் தொப்பியைத் தேடினாள்.

அன்றிரவே ஏற்றிவிட்டேன்.